சூடான காற்றால் சிப் பற்றவைப்பது: தண்டையார்பேட்டை மாடியறையிலிருந்து

தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடியில் உள்ள பத்துக்கு எட்டு அடி அறைதான் என் பட்டறை. அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் இருந்தேன். கன்வேயரில் குறையோடு ஒதுக்கப்படும் போர்டுகளைச் சரிசெய்து திருப்பி அனுப்பும் பிரிவு அது. இப்போது என் மேசைக்கு வருபவை வேறு வகை: காசிமேட்டு விசைப்படகுகளின் ஜிபிஎஸ் கருவி, கடலின் ஆழத்தை ஒலியால் அளக்கும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட், தெருவில் உள்ள வீடுகளின் இன்வெர்ட்டர் போர்டு, வாஷிங் மெஷின் போர்டு. எல்லாவற்றிலும் இன்று இருப்பவை எஸ்.எம்.டி. பாகங்கள்தான். துளைக்குள் கால் நுழையாமல், போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டி உட்காருபவை. அவற்றை வீட்டிலேயே கழற்றி மாட்ட முடியும். கைப்பிடி வழியே சூடான காற்றை ஊதும் ஒரு சிறு மெஷினும் நிதானமான கையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் போதும். ஆலைக்குள் இருக்கும் பெரிய அடுப்பு தேவையில்லை.

எதிர்வீட்டுப் பெண் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். போன மாதம் முதல் முறையாக என் மேசைக்கு அருகில் உட்கார்ந்தபோது அவள் கேட்டது, எல்லோரும் கேட்பதுதான்: “அக்கா, மெஷினை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்?”

எண் சொல்கிறேன். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து வேலை செய்யக் கூடாது. திரையில் தெரிவது கைப்பிடிக்குள் இருக்கும் உணர்வி காட்டும் காற்றின் வெப்பம். உருக வேண்டிய ஈயம், அதாவது பாகத்தின் கால்களைப் போர்டோடு ஒட்டும் சால்டர், இருப்பதோ ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளி, போர்டின் மேல், சிப்புக்கு அடியில். இரண்டும் ஒன்றல்ல. நம் வீடுகளில் ஈயச் சொம்பில் ரசம் வைப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். அடுப்பின் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. ஆனாலும் உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்புக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் வருகிற சூட்டையெல்லாம் ரசம் வாங்கிக்கொள்கிறது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால் குழம்பாகக் கிடக்கும். போர்டில் அந்த ரசத்தின் இடத்தில் இருப்பது செம்புத் தகடு. கிரவுண்டோடு, அதாவது மின்சுற்றின் பொதுவான திரும்பும் பாதையோடு, இணைந்த கால் போர்டு முழுக்கப் பரவிய செம்போடு ஒட்டியிருக்கும். எவ்வளவு சூடு கொடுத்தாலும் அந்தச் செம்பு இழுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கால் உருகி மின்னும்போது இந்தக் கால் மட்டும் மங்கலாக நிற்பது இதனால்தான். ஆகவே சிப்பைச் சூடாக்காதீர்கள், போர்டைச் சூடாக்குங்கள். கண் எப்போதும் ஈயத்தின் மேல் இருக்கட்டும்.

ஈயம் என்று பொதுவாகச் சொல்கிறோம், அதில் வகை உண்டு. 63 சதவீதம் வெள்ளீயமும் 37 சதவீதம் காரீயமும் கலந்தது 183 டிகிரியில் உருகும். தனியாக இருந்தால் வெள்ளீயத்துக்கு 232, காரீயத்துக்கு 327 டிகிரி வேண்டும். கலந்தால் இரண்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதுவும் குழைந்து குழைந்து உருகாமல் ஒரே வெப்பத்தில் சட்டென்று உருகிச் சட்டென்று உறையும். வீட்டு வேலைக்கு இதைவிட நல்லது இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் புதிய மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு விதித்ததால், அதற்குப் பின் வந்த போர்டுகளில் பெரும்பாலும் காரீயம் இல்லாத ஈயம்தான் இருக்கும். வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும் சேர்ந்த அது உருக 217 முதல் 220 டிகிரி வேண்டும். பழுது பார்க்கும்போது நீங்கள் சந்திக்கப்போவது இதைத்தான். பிஸ்மத் கலந்த, 138 டிகிரியிலேயே உருகும் ஈய பேஸ்ட்டும் (பசை போலக் குழைவாக வரும் ஈயம்) கிடைக்கிறது. ஆனால் அதன் பற்று, அதாவது ஈயம் உறைந்து உண்டாகும் இணைப்பு, நொறுங்கும் தன்மை கொண்டது. எந்நேரமும் அதிரும் படகுக் கருவியில் நான் அதை வைக்க மாட்டேன்.

வாங்க வேண்டியவை

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம். ஹாட் ஏர் ஸ்டேஷன் என்று கேளுங்கள். மொபைல் கடைக்காரர்கள் எஸ்.எம்.டி. மெஷின் என்பார்கள், புளோயர் என்றாலும் புரியும். கைப்பிடியிலேயே சிறு விசிறி உள்ள, 700 வாட் அளவுள்ள எளிய வகை போதும். 230 வோல்ட்டில் அது இழுப்பது மூன்று ஆம்பியர்தான். சாதாரண வீட்டு இணைப்பு தாங்கும். பெட்டிக்குள் பம்ப் இருக்கும் வகையை வாங்கினால், அனுப்பும்போது பம்ப் ஆடாமல் இருக்க அடியில் ஒரு திருகு போட்டிருப்பார்கள். அதைக் கழற்றாமல் ஓட்டக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதன்முதலில் நான் வாங்கிய மலிவான மெஷினைத் திறந்து பார்த்தபோது சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் இருந்தது. ஃபேஸ் நேராக உள்ளே போயிருந்தது. சுவிட்சை அணைத்தாலும் உள்ளே மின்சாரம் நிற்கும் என்று பொருள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்தாவது மூடியைத் திறந்து, ஃபேஸ் கம்பி ஃபியூஸ் வழியாகவும் சுவிட்ச் வழியாகவும் போகிறதா என்று பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னிலும், காற்று வெளிவரும் உலோக முனையான நாசிலிலும் மல்டிமீட்டர் முனைகளை வைத்தால் தொடர்ச்சி ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை என்றால் அந்த மெஷினைப் பயன்படுத்தாதீர்கள். வீட்டுச் சுவரில் உள்ள எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியின் பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருக்கிறது.

மற்றவை சிறியவை. வளைந்த கூர்முனை ட்வீசர் ஒன்று. ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல், அதாவது விக். நிதானமான வெப்பம் தரும் சால்டரிங் அயர்ன்; ஹாட் ஏர் வந்தாலும் அயர்ன் இல்லாமல் வேலை ஓடாது. சூடு தாங்கும் மஞ்சள் பாலிஇமைடு டேப். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். விளக்கு நன்றாக இருக்க வேண்டும், இதில் சிக்கனம் வேண்டாம்.

அப்புறம் ஃப்ளக்ஸ். முன்பெல்லாம் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் வருவார். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தூவி, பஞ்சால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். வெண்புகை எழும்பும், அடுத்த நொடி ஈயம் வெள்ளிபோல் ஓடிப் பரவும். நவச்சாரம் அங்கே செய்தது என்ன? உலோகத்தின் மேல் படிந்த களிம்பையும் ஆக்ஸைடையும் அரித்து எடுத்து, சுத்தமான உலோகத்தை ஈயத்துக்குக் காட்டியது. ஃப்ளக்ஸின் வேலையும் அதுவே. ஆனால் நவச்சாரமோ, தகரம் ஒட்டுகிறவர்கள் வைத்திருக்கும் அமில ஃப்ளக்ஸோ போர்டின் பக்கம் வரக் கூடாது. மிச்சம் நின்று செம்பைத் தின்றுவிடும். மின்னணு வேலைக்கென்று சிரிஞ்சில் வரும் பிசுபிசுப்பான ரோசின் ஃப்ளக்ஸ் வாங்குங்கள். தாராளமாகப் போடுங்கள். புதியவர்களின் தோல்விகளில் பாதி ஃப்ளக்ஸ் போதாததால் வருவதுதான்.

ஈய பேஸ்ட் வாங்கினால் சின்ன சிரிஞ்சாக, வேலை இருக்கும்போது மட்டும் வாங்குங்கள். அதைக் குளிரில்தான் வைக்க வேண்டும். சோறு கறி இருக்கும் குளிர்பெட்டியிலோ காரீயத்தை வைக்கக் கூடாது. குளிரிலிருந்து எடுத்த பேஸ்ட்டை உடனே திறக்காதீர்கள். நம் கடலோரக் காற்றில் அதன் மேல் ஈரம் வேர்த்துவிடும். ஈரம் கலந்த பேஸ்ட் சூட்டில் வெடித்து, சிறு சிறு ஈய உருண்டைகளாகத் தெறிக்கும். மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரட்டும்.

அறை

ஜன்னல் பக்கத்தில் மேசை போடுங்கள். ரோசின் புகை ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. ஆலையில் என் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் அதனாலேயே வேலையை விட்டார். ஜன்னலில் வெளியே தள்ளும் சிறு விசிறி ஒன்று, புகை முகத்தைத் தாண்டாமல் போகும்படி இருக்க வேண்டும். மேலே சுழலும் மின்விசிறி மட்டும் கூடாது. அது பாகங்களைப் பறக்கடிக்கும், போர்டைக் குளிர்விக்கும். மே மாதத்தில் இது தண்டனைதான். நான் நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கு வேலையைத் தொடங்குகிறேன். அந்த நேரத்தில் வோல்டேஜும் நிலையாக இருக்கிறது.

குழந்தைகள் வராத இடமாக இருக்கட்டும். மேசையில் தேநீர்க் கோப்பை கூடாது. எழுந்தால் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காரீயம் புகையாக எழுவதில்லை, அதன் கொதிநிலை மிக உயரத்தில் இருக்கிறது. ஆனால் விரல் வழியே வாய்க்குப் போகும்.

வேலைக்கு நடுவே மின்சாரம் போனால் கைப்பிடிக்குள் விசிறி நின்றுவிடும், கம்பிச்சுருள் செந்தணலாக இருக்கும். பதறி மேசையில் போட்டுவிடாதீர்கள். அதன் தாங்கியில் வைத்துவிட்டு, கால் மணி நேரம் அதைத் தொடாமல் இருங்கள்.

முதலில் பழகுவது

வாடிக்கையாளர் போர்டில் பழகக் கூடாது. காயலான் கடையில் செத்துப்போன செட்டாப் பாக்ஸ், மோடம் போர்டுகள் எடைக்குக் கிடைக்கும். ஒரு வாரம் அவற்றில் பாகங்களைக் கழற்றி, மறுபடி அதே இடத்தில் வையுங்கள். பெரியதில் தொடங்குங்கள். பாகத்தின் அளவை எண்ணால் குறிப்பார்கள்: 1206 என்றால் 3.2 மில்லிமீட்டருக்கு 1.6, பிறகு 0805, அதன்பின் 0603. இது 1.6-க்கு 0.8, கடுகு அளவு. 0402 வெறும் 1.0-க்கு 0.5, ரவை போல இருக்கும். அதுவரை போக வேண்டிய அவசியம் முதல் மாதத்தில் இல்லை.

என் எண்கள் இவை: காரீயம் கலந்த ஈயத்துக்கு 300 முதல் 330, காரீயம் இல்லாததற்கு 350 முதல் 380. காற்று, எட்டு வரை உள்ள திருகில் மூன்று. கடுகளவு பாகங்களுக்கு இரண்டு. எட்டு மில்லிமீட்டர் நாசில் பெரும்பாலான வேலைக்குப் பொருந்தும். குறுகிய நாசில் போட்டால் துல்லியமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். குறுகிய வாயில் காற்று வேகமெடுத்து பாகத்தைத் தூக்கி எறியும், ஒரு புள்ளியை மட்டும் கருக்கும். உங்கள் மெஷின் என்னுடையது போல இருக்காது. பழைய போர்டில் ஓர் ஈயத் துளியை வைத்து, எத்தனை நொடியில் உருகுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அது தெரிந்தபின் திரையில் உள்ள எண் வெறும் அடையாளம்.

ஒரு சிறு கண்டன்சரை வைப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். பாகம் உட்காரும் செம்புத் திட்டுகளைப் பேட் என்போம். இரண்டு பேட்களிலும் குண்டூசித் தலையளவு பேஸ்ட். இரண்டிலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். பாகத்தை ட்வீசரால் எடுத்து அதன்மேல் மெல்ல உட்கார வையுங்கள். பேஸ்ட்டின் பிசுக்கே அதைப் பிடித்துக்கொள்ளும். நாசிலை ஐந்தாறு சென்டிமீட்டர் உயரத்தில் செங்குத்தாகப் பிடித்து, சுற்றியுள்ள போர்டின் மேல் அரை நிமிடம் வட்டமாகச் சுற்றுங்கள். எடுத்தவுடன் பாகத்தின் தலையில் அனல் அடிக்கக் கூடாது. பீங்கான் கண்டன்சர் திடீர்ச் சூட்டில் உள்ளே கீறல் விடும். கீறல் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ஷார்ட் ஆகிப் போர்டையே எரிக்கும்.

பிறகு மெதுவாக இரண்டு சென்டிமீட்டருக்கு இறங்குங்கள், சுற்றுவதை நிறுத்தாமல். முதலில் ஃப்ளக்ஸ் இளகும். உறைந்த நெய் உருகுவது போலப் பளபளத்துப் பாகத்தைச் சுற்றி ஓடும். பேஸ்ட் சாம்பல் நிற மணல் போல ஒரு கணம் நிற்கும். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் வெப்பத்தைக் கூட்டுகிறார்கள். கூட்டாதீர்கள், காத்திருங்கள். ஓரத்தில் ஒரு மணி மின்னும், அடுத்தது மின்னும், பிறகு எல்லாம் ஒரே நொடியில் கண்ணாடி போலாகிவிடும். அப்போது பாகம் தானே அசையும். கொஞ்சம் கோணலாக வைத்திருந்தாலும், உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை அதை இழுத்து நேராக்கும். நங்கூரமிட்ட படகு கயிற்றின் இழுப்புக்குத் திரும்புவது போல நிதானமாகத் திரும்பி நடுவில் நிற்கும். பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அந்த நொடியில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

மின்னியபின் மூன்று நான்கு நொடிகள் போதும். நாசிலைச் செங்குத்தாக மேலே தூக்குங்கள். போர்டைத் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். உறையும்போது அசைந்த பற்று மேலே சொரசொரப்பாக, உள்ளே பலவீனமாக இருக்கும்.

சில நேரம் பாகம் ஒரு முனையில் எழுந்து நடுகல் போல நிமிர்ந்து நிற்கும். ஒரு பேட் முன்னால் உருகி, அதன் ஈயம் பாகத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டது என்று பொருள். ஒரு பக்கம் அகலமான கிரவுண்ட் செம்பு இருந்தால் இது நடக்கும். அந்தக் கனமான பக்கத்தின் மேல் காற்றைக் கூடுதல் நேரம் காட்டி, இரண்டும் சேர்ந்து உருகும்படி செய்யுங்கள்.

கால் வெளியே தெரியும் எட்டுக் கால் சிப்புக்குக் ஒரு காலின் நடுவிலிருந்து அடுத்த காலின் நடுவுக்குப் பெரும்பாலும் 1.27 மில்லிமீட்டர் தூரம் இருக்கும். பேஸ்ட்டே வேண்டாம். பேட்களில் அயர்னால் மெல்லிய ஈயம் பூசி, மேலே ஃப்ளக்ஸ் தடவி, சிப்பின் முதல் காலைக் காட்டும் புள்ளியைச் சரிபார்த்து வைத்து, காற்று காட்டினால் போதும். இரண்டு கால்கள் ஈயத்தால் ஒட்டிக்கொண்டால் காற்றால் தீராது; ஃப்ளக்ஸ் தடவி, விக்கை வைத்து அயர்னால் ஒரு தொடு.

கால்கள் அடியில் ஒளிந்திருக்கும் கியூ.எஃப்.என். சிப்தான் கடினம். வயிற்றில் பெரிய செம்புப் பேட் இருக்கும். அதில் ஈயம் அதிகமானால் சிப் குமிழின் மேல் மிதக்கும், ஓரக் கால்கள் தரையைத் தொடாது. நடுப் பேட்டில் பாதிப் பரப்புக்கு மேல் ஈயம் வைக்காதீர்கள். உருகியதும் ட்வீசர் முனையால் சிப்பின் பக்கத்தை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒரு தள்ளு தள்ளுங்கள். நழுவிப் பழைய இடத்துக்கே திரும்பினால் அடியில் எல்லாம் உருகியிருக்கிறது. திரும்பவில்லை என்றால் இன்னும் நேரம் வேண்டும்.

இந்த வகைக்கு அடிச்சூடு மிகவும் உதவும். நான் பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் தலைகீழாக இரண்டு செங்கற்களுக்கு நடுவே ஆடாமல் நிறுத்தியிருக்கிறேன். எர்த் உள்ளதுதான், இனி துணிக்குப் போகாதது. அதற்கு ஒரு சென்டிமீட்டர் மேலே போர்டு நிற்கும்படி உலோகத் தாங்கி. மல்டிமீட்டரோடு வரும் வெப்பக் கம்பியைப் போர்டில் டேப்பால் ஒட்டி, 120 முதல் 150 டிகிரி வரை மெதுவாக ஏற்றுகிறேன். அதன்பின் மேலிருந்து கொஞ்சம் காற்று போதும். கிரவுண்ட் செம்பு நம் சூட்டைத் திருட முடியாது.

நம் ஊரின் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிப்பின் கருப்புப் பிளாஸ்டிக் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். உறை பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பெரிய சிப்பைத் திடீரெனச் சுட்டால் உள்ளே நீர் ஆவியாகி, சோளப்பொரி வெடிப்பது போல வயிறு உப்பி வெடிக்கும். ஆலைகளில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வரை வைத்துக் காயவைப்பது உண்டு. வீட்டில், புதிய சிப்பை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, வேலைக்குச் சற்று முன் திறப்பதே எளிது.

கழற்றுவது

வைப்பதைவிடக் கழற்றுவதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். சொல்லும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது: ஆலையை விட்டு வந்த முதல் வருடம், ஒரு படகுக்காரரின் வயர்லெஸ் செட்டில், வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் சிப்பைக் கழற்றினேன். ஏழு கால்கள் உருகிவிட்டன, எட்டாவது கிரவுண்ட். உருகியிருக்கும் என்று நினைத்து ட்வீசரால் தூக்கினேன். தோல் உரிவது போல, பேட்டும் அதோடு ஒட்டிய செம்புக் கோடும் எழுந்து வந்தன. அவர் மறுநாள் விடியற்காலை கடலுக்குப் போக வேண்டியவர். இரவு முழுதும் உட்கார்ந்து, இனாமல் பூசிய மெல்லிய கம்பியைச் சுரண்டி, அறுந்த கோட்டைப் பாலம் போட்டு இணைத்துக் கொடுத்தேன். செட் வேலை செய்தது. ஆனால் அந்த எட்டாவது காலுக்குப் பத்து நொடி கொடுத்திருந்தால் அந்த இரவே வந்திருக்காது.

எனவே முறை இது. போர்டிலிருந்து பேட்டரியை முதலில் கழற்றுங்கள். லித்தியம் பேட்டரியின் பக்கத்தில் இந்தக் காற்று போகவே கூடாது. அருகில் உள்ள உருளை வடிவ அலுமினிய கண்டன்சர்கள் சூட்டில் உப்பி வெடிக்கும்; பிளாஸ்டிக் கனெக்டர்கள் குழையும். அவற்றைச் சமையல் அலுமினியத் தாளால் மூடி, மஞ்சள் டேப்பால் ஒட்டுங்கள். சிப் இருக்கும் திசையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஈயம் காரீயம் இல்லாததாக இருந்தால், எல்லாக் கால்களிலும் காரீயம் கலந்த ஈயத்தை அயர்னால் கொஞ்சம் சேருங்கள். இரண்டும் கலந்து உருகும் வெப்பம் இறங்கும். ஃப்ளக்ஸ் தடவி, சுற்றிலும் சூடேற்றி, பிறகு சிப்பின் ஓரங்களைச் சுற்றுங்கள். ட்வீசரால் தூக்காதீர்கள். பக்கவாட்டில் மிக லேசாகத் தொட்டுப் பாருங்கள். எல்லாக் கால்களும் சேர்ந்து நழுவினால் மட்டும் எடுக்கலாம். நெம்பும் எண்ணமே மனதில் வரக் கூடாது. சிப் வந்தபின் விக்கால் பேட்களைச் சமமாக்கி, ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

படகுப் போர்டு

வடசென்னையில் வேலை செய்தால் உப்பு உங்களைத் தேடி வரும். காசிமேட்டிலிருந்து வரும் போர்டில் செம்பு பச்சையாகக் களிம்பேறி, கால்களுக்கு நடுவே வெள்ளையாகப் பூத்திருக்கும். அதன்மேல் நேராகக் காற்றைக் காட்டாதீர்கள். சூட்டில் உப்பு எங்கும் போகாது, ஈயமும் ஒட்டாது. முதலில் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவுங்கள். ஆல்கஹால் உப்பைக் கரைக்காது, நீர்தான் கரைக்கும். பிறகு ஆல்கஹால் ஊற்றி நீரை விரட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். மேலே பாதுகாப்புப் பூச்சு இருந்தால் வேலை செய்யும் இடத்தில் மட்டும் சுரண்டி எடுங்கள். களிம்பேறிய பேட்டைக் கண்ணாடியிழைப் பேனாவால் செம்பின் நிறம் தெரியும்வரை தேய்த்து, ஃப்ளக்ஸ் போட்டு, அயர்னால் ஈயம் பூசிய பிறகே புதிய சிப் வர வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். ஃப்ளக்ஸைக் கழுவி, லென்ஸில் ஒவ்வொரு காலையும் பார்த்து, சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கரண்ட் அளவைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை இருந்தால் அதைக் குறைவில் வைத்துத் தொடங்குங்கள். நேராக 230 வோல்ட்டில் ஓடும் போர்டு என்றால், 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டுக் கொடுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. அந்தப் போர்டில் மின்சாரம் உள்ளபோது கை வைக்கக் கூடாது. அணைத்த பின்னும் பெரிய கண்டன்சரில் சார்ஜ் நிற்கும், மல்டிமீட்டரில் அளந்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

நேற்று எதிர்வீட்டுப் பெண் தன் கையால் மாட்டிய முதல் சிப், ஒரு எக்கோ சவுண்டரின் ரெகுலேட்டர். 12 வோல்ட் கொடுத்தோம், அரை ஆம்பியருக்குக் கட்டுப்பாடு. மீட்டர் முள் 0.2-க்குப் போய் நின்றது. திரை விழித்தது. இன்று காலை கனெக்டர்களை டேப்பால் மூடிவிட்டு, போர்டு முழுவதும் அக்ரிலிக் பூச்சுத் தெளித்திருக்கிறாள். ஜன்னல் ஓரம் காய்கிறது. நாளை வரை பெட்டிக்குள் போட்டு மூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.